சுடுநீர்க் குளியலும் மின் பாதுகாப்பும்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயின்றபோது, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நண்பர்கள் ஐவர் சேர்ந்து ஒரு பழைய வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். குளியலறையில் சுடுநீர்க் கருவி இருந்தது. அதை முடுக்கிக் குளிக்கும்போது குழாயைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போன்ற கூச்சம் ஏற்படும். "பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே பல வாரங்கள் குளித்தோம்.

ஒருநாள், கிள்ளானில் வயரிங் வேலை செய்யும் நண்பனின் மாமா வந்தார். மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுக் கருவியின் மூடியைக் கழற்றினார். "எர்த்து வயரே இல்லையே தம்பி! இத்தனை நாளா எப்படிக் குளிச்சீங்க?" என்றார். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

1. கருவி இழுக்கும் மின்சாரம்

நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவி ஏறத்தாழ 3,600 வாட் திறன் கொண்டது. அதாவது, 36 வாட் குழல் விளக்குகள் நூறு ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம். நம் நாட்டின் மின்னழுத்தம் 230 வோல்ட். 3,600ஐ 230ஆல் வகுத்தால் 15.7 ஆம்பியர் வருகிறது. சாதாரண பிளக்கின் எல்லை 13 ஆம்பியர்தான். அதில் செருகினால் பிளக் சூடேறி உருகும், தீயும் பிடிக்கலாம்.

ஆகவே, இக்கருவிக்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். 20 ஆம்பியர் பிரேக்கரும் வழக்கமாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் பயன்படுத்தப்படுகின்றன. இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் 20 ஆம்பியர் சுவிட்ச், குளியலறைக்கு வெளியே இருப்பது நல்லது.

2. உயிரைக் காப்பது எது?

"பிரேக்கர் இருக்கிறதே, பிறகென்ன பயம்?" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இங்கேதான் தவறு நிகழ்கிறது. பிரேக்கர் கம்பியைக் காக்கிறது, மனிதனைக் காப்பதில்லை.

நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்வோம். 230 வோல்ட் பட்டால் 230 மில்லிஆம்பியர் உடலில் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க இதில் பாதியே போதும். ஆனால் 20 ஆம்பியர் என்பது 20,000 மில்லிஆம்பியர். நாம் துடித்துக்கொண்டிருந்தாலும் பிரேக்கருக்கு அது தெரியாது.

மனிதனைக் காப்பவை இரண்டு. ஒன்று, பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த்துக் கம்பி. கசியும் மின்சாரம் நம் உடலைத் தேடாமல் நிலத்திற்குச் செல்ல இது வழிவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்த வழி இல்லாததால், மின்சாரம் எங்கள் விரல்களை வழியாக்கிக்கொண்டது.

மற்றொன்று, ஆர்.சி.டி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என இது ஒப்பிடுகிறது. வேறுபாடு கண்டால் நொடியின் சிறு பகுதிக்குள் துண்டிக்கிறது. சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லிஆம்பியர் உணர்திறன் கொண்டதைத் தனியாகப் பொருத்த வேண்டும். வீடு முழுமைக்கும் 100 மில்லிஆம்பியர் ஒன்று மட்டும் இருந்தால், 60 மில்லிஆம்பியர் உடலில் பாயும்போது அது வாளாவிருக்கக்கூடும்.

3. யார் பொருத்துவது?

1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின் கீழ், தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனே இப்பணியைச் செய்ய வேண்டும். புதிய வயரிங் முடிந்ததும் 'ஜி' பாரமும், சோதனைக்கான 'எச்' பாரமும் கேட்டுப் பெறுங்கள். வாங்கும் கருவியில் எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரத்தைக் காட்டும் சிரிம் முத்திரை இருக்க வேண்டும்.

4. வாடகை வீட்டில் நுழையும் முன்

• கருவி 13 ஆம்பியர் பிளக்கில் செருகப்பட்டிருந்தால் பயன்படுத்தாதீர்.
• ஆர்.சி.டி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் வயர்மேனை அழையுங்கள்.
• சிறு கூச்சம் தெரிந்தாலும் ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர். வெளியே வந்து, கையைத் துடைத்துவிட்டு, மெயினை அடையுங்கள்.
• பொத்தான் சரியாக வேலை செய்தாலும், எர்த்து உள்ளதா என்பதை வயர்மேனைக் கொண்டே சோதிக்கச் செய்யுங்கள்.

வீட்டுக்காரரிடம் இவற்றைக் கேட்கத் தயங்க வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். மாமா விளக்கியதும் ஒரே வாரத்தில் தனிக் கம்பி இழுத்துக் கொடுத்தார். அதுவரை ஐவரும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தோம். குளிர் ஒருவரையும் கொன்றுவிடவில்லை.