மேடையில் ஆடும் நம் குழந்தைகள்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளி ஆண்டு விழா தனி மகிழ்ச்சி தருவது. 1923-இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் மட்டுமின்றி, மற்றப் பள்ளிகளிலும் நம் நாட்டுப்புற ஆடல்கள் மேடை ஏறுகின்றன. பிள்ளைகள் ஆடுவதைக் கண்டு பூரிக்கிறோம், படம் எடுக்கிறோம். அவர்கள் ஆடுவது என்ன என்பதையும் சொல்லித் தர வேண்டாமா? அதற்கு உதவும் சில குறிப்புகளை இங்கே தருகிறேன்.

கும்மி: பெண்கள் வட்டமாகச் சுற்றி வந்து, குனிந்து நிமிர்ந்து கைகொட்டி ஆடுவது. தாளக் கருவி வேண்டியதில்லை, கைகளே தாளம். ஒருத்தி ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். பொங்கலிலும் முளைப்பாரித் திருவிழாவிலும் இதைக் காணலாம்.

கோலாட்டம்: இரு கோல்களைத் தட்டி ஆடுவது. இதன் ஒரு வகை பின்னல் கோலாட்டம். மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பின்னி, பிறகு எதிர்த்திசையில் ஆடி அவிழ்ப்பார்கள். ஒருவர் தடம் மாறினாலும் பின்னல் சிக்கிவிடும். கூடி வாழ்வதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது!

கரகமும் பொய்க்கால் குதிரையும்: சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினொரு ஆடல்களில் குடக்கூத்தும் மரக்கால் ஆடலும் உண்டு. தலையில் குடம் தாங்கும் கரகத்தையும், மரக்கால் கட்டி ஆடும் பொய்க்கால் குதிரையையும் இவற்றோடு இணைத்துக் கூறுவர்.

நம்மைச் சுற்றியுள்ளோரிடமும் இவற்றின் உறவுகள் இருக்கின்றன. பஞ்சாபிப் பெண்களின் கித்தாவும் கைகொட்டி ஆடுவதே. குஜராத்தியரின் தாண்டியாவில் கோல்கள் உண்டு. இராஜஸ்தானத்துப் பவாய் ஆடலில் தலைமேல் குடங்கள் அடுக்கப்படும். இப்படி ஒப்பிட்டுச் சொன்னால் தில்லிப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். என் மகள் பள்ளி விழாவில் கும்மி ஆடினாள். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார், "எங்கள் கித்தா மாதிரியே இருக்கிறதே! பாட்டுக்கு என்ன அர்த்தம்?" என்று அவளிடம் ஆவலோடு கேட்டார். பாட்டு ஒலிபெருக்கியில் வந்தது. ஆடிய பிள்ளைகள் யாரும் வாய் திறந்து பாடவில்லை. "அர்த்தம் தெரியாது ஆண்ட்டி. தானானே வந்தால் திரும்பணும்" என்றாள் மகள்.

அடவு வந்துவிட்டது, மொழி வரவில்லை. பாடி ஆடுவதே கும்மி. பாட்டைக் கருவியிடம் ஒப்படைத்தால் பாதி ஆடல் போய்விடுகிறது. அடுத்த தலைமுறைக்கு உடையும் ஒப்பனையும் மட்டுமே மிஞ்சும்.

மறுவாரம் அவள் ஊரிலிருக்கும் பாட்டியிடம் தொலைபேசியில் நான்கு அடிகள் கேட்டுக்கொண்டாள். தமிழ் எழுத்து வராததால் தேவநாகரியில் எழுதினாள். சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டாள். பிறகு, "இதைத் தமிழிலேயே எழுதக் கற்றுக்கொடு அப்பா" என்றாள். பள்ளியில் ஆடிய ஒரு கும்மி, வீட்டில் அரிச்சுவடியைத் திறந்துவிட்டது!

ஆகவே பெற்றோர்களே, விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஆசிரியரிடம் பாட்டைக் கேட்டு வாங்குங்கள். நாளுக்கு ஓரடியாகப் பொருள் சொல்லி, பிள்ளைகளைப் பாடவும் வையுங்கள். சுருதி சற்று விலகினாலும் குறையில்லை. மேடையில் அவர்களுடைய குரலும் ஒலிக்கட்டும்.