தீரு: அலெக்சாந்தருக்குப் பிறகும்

நம்பிக்கை: கி.மு. 332இல் அலெக்சாந்தர் தீரு நகரை அடியோடு அழித்துவிட்டார்.

பைபிள் வாசித்தவர்களுக்குத் தீருவும் சீதோனும் பழகிய பெயர்கள். தெற்கு லெபனான் கடற்கரையில் சூர் என்ற பெயரோடு தீரு இன்றைக்கும் மக்கள் வாழும் ஊர்தான். ஏழு மாத முற்றுகையும் அதன் முடிவில் நடந்த கொடுமையும் பொய்யல்ல. 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பதினேழே ஆண்டுகளில், அலெக்சாந்தரின் தளபதியாக இருந்த ஆன்டிகோனஸ் இதே ஊரை மறுபடி வளைத்து, ஓராண்டுக்கு மேல் காத்துக் கிடந்தார். செத்த ஊருக்கு யார் இந்தப் பாடுபடுவார்கள்? பின்னாளில் தன்னாட்சி பெற்று தீரு அடித்த வெள்ளிக்காசு அத்தனை சுத்தமானது. எருசலேம் ஆலய வரியை அந்தக் காசில்தான் கட்டினார்கள். அதில் தீருவின் தெய்வம் மெல்கார்த்தின் தலை! உருவ வழிபாட்டை அறவே ஒதுக்கிய ஆலயமே வெள்ளியின் தரத்துக்காக அதைக் கண்டுகொள்ளவில்லை.

நம்பிக்கை: ஆழ்கடலைத் தூர்த்து, தீவாக இருந்த தீருவைக் கரையோடு இணைத்தவர் அலெக்சாந்தர்.

பாதி உண்மை. அரை மைல் தொலைவுக்குக் கல்லும் மரமும் கொட்டிப் பாதை போட்டது அவர் படைதான். ஆனால் தீவு அலைகளைத் தடுத்ததால் அதன் பின்புறம் ஏற்கெனவே மணல் திட்டு வளர்ந்திருந்தது, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே. பாதை போட்ட பிறகு இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து தீவு நிலத்தோடு ஒட்டிப்போனது. இன்றைய ஊரின் ஒரு பகுதி அந்த மணல்மேல்தான் நிற்கிறது. பாதி வேலை கடலுடையது.

நம்பிக்கை: அங்கே நிற்கும் தூண்களெல்லாம் தீருவின் பழைய மக்களான ஃபினீசியர் கட்டியவை.

படங்களில் பார்க்கும் தூண்வரிசை, வெற்றி வளைவு, 480 மீட்டர் நீளத் தேரோட்டக் களம் எல்லாம் ரோமானியர் காலத்தவை. ஃபினீசிய நகரம் அவற்றுக்கும் இன்றைய வீடுகளுக்கும் அடியில் கிடக்கிறது.

நம்பிக்கை: ஹெர்குலிஸின் நாய் நத்தையைக் கடித்து வாய் சிவந்ததால் தீருவின் ஊதாச்சாயம் பிறந்தது.

ரசிக்கத்தக்க கதை, தீருவின் காசுகளிலேயே நாயும் சங்கும் உண்டு. நிஜத்தில் சாயமெடுப்பது நாற்றம் பிடித்த தொழில். முரெக்ஸ் என்ற கடல்நத்தையின் சுரப்பியிலிருந்து எடுக்கும் நீருக்கு முதலில் நிறமே கிடையாது. வெயிலும் காற்றும் பட்டு மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் ஊதாவாகும். 1909இல் ஒரு வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் 1.4 கிராம்! சாயப்பட்டறைகளால் ஊரில் குடியிருப்பது இனிமையாக இல்லை, ஆனால் பணம் கொட்டியது என்கிறார் பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ.

1984இல் யுனெஸ்கோ தீருவை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2024இல் லெபனானில் நடந்த போரில் ஊர்மேல் குண்டுகள் விழ, அந்த ஆண்டு நவம்பரில் லெபனானின் 34 மரபிடங்களுக்குத் தரப்பட்ட தற்காலிகச் சிறப்புப் பாதுகாப்பில் தீருவும் சேர்ந்தது.