அடிமுறை படித்தால் பிள்ளை முரடனாகிவிடுவானா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் யாராவது பென்சிலைப் பிடுங்கினால் வாயே திறக்க மாட்டான். வீட்டிலோ, சாப்பாடு எடுத்து வைக்க இரண்டு நிமிடம் தாமதமானால் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்துவான். கராத்தேயில் சேர்க்கலாம் என்கிறார் கணவர். நம்ம ஊர் ஆசானிடம் அடிமுறை படிக்கட்டும் என்கிறார் மாமனார். சண்டை படித்தால் இன்னும் முரடாகிவிடுவானோ என்று எனக்குப் பயம். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: வெளியே பயம், வீட்டில் கோபம் என்று இரண்டாகத் தெரிந்தாலும், மனதில் எழும் வேகத்தைக் கையாளத் தெரியாததுதான் பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம். நல்ல தற்காப்புப் பயிற்சி அதைத்தான் பழக்குகிறது.

உங்கள் மாமனார் சொல்வதை எடுத்துக்கொள்வோம். கல்குளம், விளவங்கோடு பக்கம் வேரூன்றிய கலை அடிமுறை. 1956 வரை நம் குமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதே மரபைத் தெக்கன் களரி என்பார்கள். பிள்ளைகளை ஏழு வயதில் பயிற்சிக்கூடமான களரிக்கு அனுப்புவது பழைய வழக்கம்.

முதலில் படிப்பது அடியல்ல, சுவடு. காலை முன்வைத்து, முட்டியை மடக்கித் தாழ்ந்து நிற்க வேண்டும். ஆசான் அருகே வந்து தோளை லேசாகத் தள்ளிப் பார்ப்பார். ஆடினால், "முதல்ல இருந்து வா மக்ளே" என்பார். ஒன்று உறைக்காமல் அடுத்த சுவடு கிடையாது. கேட்டதும் கிடைக்காத ஒன்றுக்காகக் கத்தாமல் காத்திருக்கப் பிள்ளை பழகுவது இங்கேதான்.

பிறகு ஜோடியாக நிறுத்துவார்கள். எதிராளியின் கை முகத்தை நோக்கி வரும்; கண்ணை மூடாமல் விலகவோ தடுக்கவோ வேண்டும். ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடுவார்கள். மூடாமல் நிற்கப் பழகியவனுக்கு, வகுப்பில் நிமிர்ந்து நின்று "என் பென்சிலைத் தா" என்று கேட்பது பெரிய காரியமாகத் தோன்றாது.

இனி உங்கள் பயம். அடிமுறையின் உச்சம், உடலின் உயிர்நிலைகளைப் பற்றிய வர்மம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களைச் சொல்வது மரபு. மாணவனின் குணத்தைப் பல ஆண்டுகள் பார்த்து நம்பிக்கை வந்த பிறகே ஆசான்கள் அதைச் சொல்லித்தருவார்கள். வர்மம் படிப்பவன் அடிபட்டவரை எழுப்பும் இளக்குமுறையும் படித்தாக வேண்டும். அடக்கத்தைப் பாடத்துக்குள்ளேயே வைத்த கலை இது.

ஆய்வுகளும் இதையொட்டியே பேசுகின்றன. அமெரிக்கப் பள்ளி ஒன்றில் லேக்ஸ், ஹாய்ட் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் டேக்வாண்டோ பயின்ற பிள்ளைகள், வழக்கமான உடற்பயிற்சி வகுப்புக்குப் போனவர்களைவிடத் தன்னடக்கத்திலும் வகுப்பு நடத்தையிலும் கூடுதலாக முன்னேறினார்கள். 1986இல் ட்ரல்சன் வெளியிட்ட ஆய்வு, வம்புதும்பில் சிக்கிய இளைஞர்களைப் பற்றியது. மரியாதையும் தியானமும் சேர்ந்த மரபுவழி டேக்வாண்டோ பயின்றவர்களிடம் மூர்க்கம் குறைந்தது. சண்டை நுட்பம் மட்டும் பயின்றவர்களிடம் கூடியது.

ஆகவே கராத்தேயா அடிமுறையா என்பதைவிட, சொல்லித்தருபவர் யார் என்பதே முக்கியம். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பைக் கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள். தப்பாகச் செய்த பிள்ளையைத் திருத்துகிறாரா, எல்லார் முன்னாலும் கேலி செய்கிறாரா? சின்னப் பிள்ளைகளைத் தலையில் அடிபடும்படி மோதவிட்டால் அந்த இடம் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2016இல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இத்தனை மாதத்தில் பெல்ட், வந்ததும் வர்மம் என்று ஆசை காட்டுகிறவரிடமும் சேர்க்க வேண்டாம்.

பள்ளியில் உங்கள் பிள்ளையை யாராவது தொடர்ந்து சீண்டினால், அதை ஆசிரியரிடம் இப்போதே பேசுங்கள். எதிர்த்து நிற்கும் பொறுப்பை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது. வீட்டில் கோபம் பல மாதங்களாகியும் தணியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

களரிவிட்டு வந்ததும், "இன்னைக்கு யாரை அடிச்சே?" என்று வீட்டில் யாரும் கேட்க வேண்டாம், தாத்தா உட்பட. "எந்தச் சுவடு படிச்சே, செய்து காட்டு" என்று கேளுங்கள். எதைப் பாராட்டுகிறீர்களோ அதைத்தான் பிள்ளை வளர்த்துக்கொள்ளும்.