பரிசோதனைக்கே ஒரு பரிசோதனை

காசநோயைக் கண்டுபிடிப்பதற்கென்று விற்கப்பட்டுவந்த ரத்தப் பரிசோதனைக் கிட்டுகளை இந்திய அரசு 2012 ஜூன் மாதம் தடை செய்தது. இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை எல்லாவற்றுக்கும் தடை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இந்த டெஸ்ட்டைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று அறிவித்திருந்தது. காசநோய் விஷயத்தில் ‘இதைச் செய்யாதீர்கள்’ என்று அந்த நிறுவனம் வெளியிட்ட முதல் கொள்கை அறிக்கை அது. அந்தச் சமயத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் முறை இந்த டெஸ்ட் செய்யப்படுவதாகவும், அதற்கு ஏறக்குறைய 1.5 கோடி டாலர் செலவாவதாகவும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். பெரும்பாலும் தனியார் லேப்களில், நோயாளியின் கைக்காசில்.

கிட் தயாரித்தவர்கள் ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டித்தான் விற்றார்கள். மருத்துவர்கள் நம்பித்தான் எழுதிக் கொடுத்தார்கள். கோளாறு வேறு இடத்தில் இருந்தது: ஒரு முறையை இன்னொரு முறையோடு எப்படி ஒப்பிடுவது என்பதைப் பற்றிய சில நம்பிக்கைகளில். அந்த நம்பிக்கைகள் இன்றும் லேப்களிலும் மருத்துவமனைகளிலும் உலவுகின்றன.

நம்பிக்கை: சளியில் பார்ப்பது பழைய காலம், ரத்தத்தில் பார்ப்பதுதான் துல்லியம்

சளி மாதிரி கேட்டால் கூச்சப்படுகிறவர்கள்கூட ரத்தம் கொடுக்கத் தயங்குவதில்லை. ரிப்போர்ட் அன்றைக்கே கிடைத்துவிடும். அச்சடித்த எண்ணோடு வருவதால் பார்க்கவும் நம்பகமாக இருக்கும்.

அந்தக் கிட்டுகள் தேடியது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. இந்தியாவில் கோடிக்கணக்கானவர்களின் உடலில் காசநோய்க் கிருமி நோயாக மாறாமல் உறங்கிக் கிடக்கிறது. மண்ணிலும் நீரிலும் அதன் உறவுக்காரக் கிருமிகள் உண்டு. இவற்றையெல்லாம் எதிர்கொண்ட உடலில் எதிர்ப்பொருள் இருப்பதில் வியப்பில்லை. நுரையீரலில் இப்போது நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. எச்ஐவி போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கோ நோய் முற்றிய பிறகும் எதிர்ப்பொருள் போதிய அளவு உண்டாகாமல் போகலாம். ஆக, நோயில்லாதவருக்கு ஆறு மாத மருந்து, நோயுள்ளவருக்கு ‘ஒன்றுமில்லை’ என்ற ரிப்போர்ட், இரண்டுக்கும் வழி இருந்தது.

வெளியான ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியபோது, இந்தக் கிட்டுகள் நோயுள்ளவரைச் சரியாகப் பிடித்த அளவு 0 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை சிதறிக் கிடந்தது. நோயில்லாதவரைச் சரியாக விலக்கிய அளவு 31 முதல் 100 சதவீதம். ஆய்வுக்கு ஆய்வு இவ்வளவு மாறும் எண்ணை வைத்துக்கொண்டு யாருக்கும் சிகிச்சை தொடங்க முடியாது.

அப்படியானால் சில ஆய்வுகளில் மட்டும் அது எப்படி அவ்வளவு பிரமாதமாகத் தெரிந்தது? ஒரு பக்கம் நோய் முற்றிய, ஏற்கெனவே உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள். இன்னொரு பக்கம் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் தன்னார்வலர்கள். இந்த இரு குழுக்களையும் பிரித்துக் காட்டுவது எந்த டெஸ்ட்டுக்கும் எளிது. நிஜமான ஓபி வரிசையில் நிற்பவர் மூன்று வாரமாக இருமுகிறவர். அவருக்குக் காசநோயாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், ஆஸ்துமாவாக இருக்கலாம், நுரையீரல் புற்றாகவும் இருக்கலாம். டெஸ்ட் இவர்களுக்குள் வேறுபாடு காட்ட வேண்டும். தெளிவான நோயாளிகளையும் தெளிவான ஆரோக்கியசாலிகளையும் மட்டும் வைத்து நடத்தும் ஒப்பீடு டெஸ்ட்டின் திறனை மிகைப்படுத்திக் காட்டும் என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் பல ஆய்வுகளை அலசி நிறுவினார்கள். 2003இல் ‘ஸ்டார்ட்’ என்ற நெறிமுறை வந்தது. நோயாளிகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், ஒரு டெஸ்ட்டைப் படித்தவருக்கு மற்ற டெஸ்ட்டின் முடிவு தெரியுமா என்பதையெல்லாம் கட்டுரையில் சொல்ல வேண்டும் என்கிறது அது. எந்த டெஸ்ட்டைப் பற்றிப் படித்தாலும் இந்த இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: 95 சதவீதம் துல்லியமான டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்தால், நோய் இருக்க 95 சதவீத வாய்ப்பு

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10,000 பேர் உள்ள ஊரில் 100 பேருக்கு நோய். நோயுள்ளவரில் 90 சதவீதத்தைப் பிடிக்கிற, நோயில்லாதவரில் 95 சதவீதத்தைச் சரியாக விலக்குகிற டெஸ்ட்டை எல்லோருக்கும் செய்கிறார்கள். நோயாளிகளில் 90 பேர் பாசிட்டிவ். நோயில்லாத 9,900 பேரில் 5 சதவீதம், அதாவது 495 பேர், அவர்களும் பாசிட்டிவ். மொத்தம் 585 ரிப்போர்ட்டுகளில் உண்மையான நோயாளிகள் 90 பேர். நூற்றுக்கு 15தான்.

அதே டெஸ்ட்டை இருமலும் காய்ச்சலும் எடைக்குறைவுமாக வருகிறவர்களுக்கு மட்டும் செய்தால் கணக்கே மாறிவிடும். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு நோய் என்று வைத்துக்கொண்டால், பாசிட்டிவ் வந்த பத்தில் ஒன்பது பேர் உண்மையான நோயாளிகளாக இருப்பார்கள். கிட்டும் அதேதான், லேப்பும் அதேதான். மாறியது டெஸ்ட் யாருக்குச் செய்யப்பட்டது என்பது மட்டும்.

நம்பிக்கை: இரண்டு கருவிகளின் அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்கினால், ஒன்றுக்குப் பதில் மற்றதை வைத்துக்கொள்ளலாம்

ஆய்வுக்கூடங்களில் இது மிகவும் வேரூன்றிய பழக்கம். புதுக் கருவி வாங்கியதும் பழையதிலும் புதியதிலும் சில மாதிரிகளை ஓட்டுவார்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.94 அல்லது 0.97 என்று வரும். ‘நன்றாக ஒத்துப்போகிறது’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

பிரிட்டனைச் சேர்ந்த புள்ளியியலாளர்கள் மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் இருவரும் 1986இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய சில பக்கக் கட்டுரை இந்தப் பழக்கத்தைத் தகர்த்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஆஸ்துமா நோயாளிகள் ஊதிப் பார்க்கும் கருவி. பெரிய ரைட் மீட்டர் ஒன்று, கையடக்கமான மினி ரைட் மீட்டர் ஒன்று. 17 பேர் இரண்டிலும் ஊதினார்கள். ஒட்டுறவுக் கெழு 0.94. வழக்கமான கண்ணுக்கு இது அருமையான முடிவு.

இருவரும் வேறு மாதிரி பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கருவிகள் காட்டிய அளவுகளைக் கழித்து, அந்த வித்தியாசத்தை இரண்டின் சராசரிக்கு எதிராக வரைபடத்தில் புள்ளியாக வைத்தார்கள். மினி மீட்டர் பெரிய மீட்டரைவிட நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 லிட்டர் வரை கூடவோ குறையவோ காட்டலாம் என்று தெரிந்தது. வழக்கமாக 400 லிட்டர் ஊதுகிற ஒருவருக்கு 80 லிட்டர் என்பது 20 சதவீதம். ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா, மருந்தை மாற்ற வேண்டுமா என்று முடிவெடுக்கும் எல்லையே அதுதான். ஒரு கருவி சொல்வதை நம்பினால் நோயாளி வீட்டிலிருக்கலாம். மற்றதை நம்பினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒட்டுறவுக் கெழு இதை ஏன் மறைக்கிறது? எப்போதும் இரு மடங்காகவே காட்டும் ஒரு கெட்ட கருவியை நல்ல கருவியோடு ஒப்பிட்டால் கெழு சரியாக 1 வரும். மிகப் பலவீனமாக ஊதுகிறவர்களையும் மிகப் பலமாக ஊதுகிறவர்களையும் கலந்து எடுத்தாலே அது உயர்ந்துவிடும். வித்தியாசம் எவ்வளவு, அந்த வித்தியாசம் சிகிச்சையை மாற்றுமா என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை. எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்பதைப் புள்ளியியலும் சொல்லாது. நோயாளியைப் பார்க்கிறவர்தான் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இன்று ‘பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடம்’ மருத்துவ ஆய்வில் அன்றாடச் சொல். ஆனால் வரைபடத்தைப் போட்டுவிட்டு எல்லையைத் தீர்மானிக்காமல் விடும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை.

நம்பிக்கை: புதிய மூலக்கூறு டெஸ்ட் வந்தபின் மைக்ராஸ்கோப்புக்கும் கல்ச்சருக்கும் வேலையில்லை

மைக்ராஸ்கோப் முறை 1880களில் பிறந்தது. சளியை ஸ்லைடில் தடவிக் காயவைத்து, சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும் வரை, ஆனால் கொதிக்காமல், அடியில் சூடு காட்டுவார்கள். பிறகு அமிலம் சாயத்தை வெளியேற்றும். காசநோய்க் கிருமியின் மெழுகுத் தோல் மட்டும் சாயத்தை விடாது. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் தெரிகின்றனவா என்று குறைந்தது 100 காட்சிப்புலங்களைப் பார்த்த பிறகே நெகட்டிவ் என்று எழுத வேண்டும். ஒரு மில்லி சளியில் ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் இது பிடிக்கும்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு 10 முதல் 100 கிருமிகள் போதும். முட்டையும் பச்சைச் சாயமும் கலந்த திட ஊடகத்தில் கிருமி வளர்ந்து கண்ணுக்குத் தெரிய வாரங்கள் ஆகும். நெகட்டிவ் என்று சொல்ல எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற மூலக்கூறு டெஸ்ட் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியின் டிஎன்ஏவைப் பிடித்து, ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். மைக்ராஸ்கோப் தவறவிட்டு கல்ச்சர் பிடித்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரை அது பிடித்தது. மூன்றில் ஒரு பங்கு விடுபட்டது. அதைச் சரிசெய்ய வந்த ‘அல்ட்ரா’ பதிப்பு மில்லிக்குச் சுமார் 16 கிருமிகள் இருந்தாலே கண்டுபிடிக்கும். முந்தைய பதிப்புக்கு நூற்றுக்கும் மேல் வேண்டியிருந்தது.

பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கூடவே ஒரு சிக்கல் வந்தது. டிஎன்ஏவுக்கு உயிருள்ள கிருமி, செத்த கிருமி என்ற வேறுபாடு கிடையாது. முன்பு சிகிச்சை எடுத்துக் குணமானவரின் நுரையீரலில் மிஞ்சியிருக்கும் டிஎன்ஏ துணுக்கையும் அல்ட்ரா பிடித்துவிடும். உணர்திறன் கூடக் கூட இந்தத் தவறும் கூடியது. மிக நுண்ணிய அளவில் மட்டும் தென்படுவதை ‘டிரேஸ்’ என்று தனியாகக் குறிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒருமுறை நோய் வந்து தேறியவருக்கு இந்த முடிவு வந்தால் மருத்துவர் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. இதே காரணத்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று பின்தொடர இந்த டெஸ்ட் பொருந்தாது. அதற்கு இன்றும் ஸ்லைடும் கல்ச்சரும்தான்.

கல்ச்சரையும் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. சளியில் இருக்கும் மற்ற கிருமிகளைக் கொல்ல முதலில் காரக் கரைசல் சேர்ப்பார்கள். அது காசநோய்க் கிருமிகளிலும் ஒரு பகுதியைக் கொன்றுவிடும். குறைந்த கிருமியுள்ள மாதிரி இதில் நெகட்டிவாகிவிடலாம். அப்போது புதிய டெஸ்ட் பாசிட்டிவ் காட்டினால், ஆய்வுக் கட்டுரையில் அது புதிய டெஸ்ட்டின் தவறாகப் பதிவாகும். உண்மையில் தவறியது அளவுகோல்.

நம்பிக்கை: தொழிற்சாலையில் சரிபார்த்த கருவி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் காட்டும்

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விரலின் ஊடாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் கணிக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் கருவி காட்டிய அளவையும் தமனி ரத்தத்தில் நேரடியாக அளந்ததையும் ஒப்பிட்ட ஆய்வு 2020 டிசம்பரில் வெளியானது. கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரத்தில் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது, கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையரில் 3.6 சதவீதத்தில். தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சுகிறது என்பது புதுச் செய்தி அல்ல. பல வண்ணத் தோல்களிலும் போதிய எண்ணிக்கையில் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் முன்பே வெளிப்பட்டிருக்கும். கறுத்த தோல் உள்ள மக்கள் பெருமளவில் வாழும் நம் நாட்டில் இந்தக் கேள்வியை இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: அனுபவமுள்ள மருத்துவருக்கே தெரிந்த விஷயத்துக்கு ஒப்பீடு எதற்கு

1950களில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, படுக்கை ஓய்வு, முட்டை, பால். இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இந்தியாவில் நோயாளிகளுக்கு ஏற்ற படுக்கைகள் இல்லை. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா, வீட்டிலிருப்பவர்களுக்குத் தொற்றிவிடுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி நெருக்கடியான தங்கள் வீடுகளுக்கே. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோநியாசிட், பிஏஎஸ்.

1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த வசதி எதுவும் இல்லை. ஆயினும் குணமான அளவில் இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தன. நோயாளி வீட்டிலேயே தங்கியதால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. குணப்படுத்தியது மருந்துதான்.

இந்த ஆய்வின் இன்னொரு பக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. நோயாளிகள் மாத்திரையை விழுங்குகிறார்களா என்று அறிய ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று சிறுநீரைச் சோதித்தார்கள், மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிலர் விட்டு விட்டுத்தான் சாப்பிடுகிறார்கள் என்பது தெரிந்தது. தாங்களே வெற்றி என்று அறிவித்த முறையில் இருந்த அந்த ஓட்டையை அவர்கள் மூடி மறைக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும், கண் முன்னால் மருந்து கொடுத்தால் போதுமா என்று அடுத்த ஒப்பீட்டைத் தொடங்கினார்கள். அதன் முடிவு 1964இல் வெளிவந்தது: கண்காணிப்பில் கொடுத்த இடைவெளி மருந்து, தினசரி மாத்திரைக்குச் சளைக்கவில்லை. பிற்பாடு ‘டாட்ஸ்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று அந்தச் சென்னை ஆய்வில் இருக்கிறது.