எண்ணெய் எல்லாம் ஒண்ணா? (போர் வண்டி ஜாக்கி சொல்லும் அறிவியல்)

நம்ம திண்டுக்கல் பக்கம் போர் வண்டியைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். அது தோட்டத்துக்குள் வந்ததும் உடனே துளை போட மாட்டார்கள். முதலில் நாலு பக்கமும் ஜாக்கியை இறக்கி, மேடுபள்ளமான தரையில் வண்டியை மட்டமாக நிறுத்துவார்கள். ஏன் தெரியுமா? வண்டி சாய்ந்தால் குழியும் சாயும். குழி சாய்ந்தால் கேசிங் பைப்பும் மோட்டாரும் ஒழுங்காக இறங்காது. கடன் வாங்கிப் போர் போடுகிற விவசாயிக்கு எவ்வளவு நஷ்டம்!

இவ்வளவு கனமான வண்டியைத் தாங்குவது ஜாக்கிக்குள் இருக்கும் ஹைட்ராலிக் ஆயில்.

எப்படித் தூக்குகிறது?
மூடிய திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். இதுதான் பாஸ்கல் விதி. 1 சதுர செ.மீ. பிஸ்டனை 10 கிலோ எடையால் அழுத்தினால், 50 சதுர செ.மீ. பிஸ்டன் 500 கிலோவைத் தூக்கும். ஆனால் பெரியது 1 செ.மீ. ஏற, சின்னது 50 செ.மீ. இறங்க வேண்டும். 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரமா இந்த விதியால் இயங்கும் அழுத்து எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் தண்ணீரைப் பயன்படுத்தினார். தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், வழவழப்பும் குறைவு. அதனால்தான் இப்போது எண்ணெய்.

எதை ஊற்றுவது?
1. பாகுநிலை: டின்னில் 32, 46, 68 என்று எண் இருக்கும். அது 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுநிலை. எண் கூடினால் கெட்டி. சூடு ஏறினால் எண்ணெய் இளகும். சித்திரை வெயிலில் ரொம்ப இளகினால் சீல் இடுக்கில் கசிந்து ஜாக்கி மெல்ல மெல்ல இறங்கிவிடும். கொடைக்கானல் குளிரில் ரொம்பக் கெட்டியானால் பம்ப் இழுக்கத் திணறும். அதனால் வெயில் ஊருக்குக் கெட்டி, குளிர் ஊருக்கு இளகல்.

2. சீல்: பிரேக் ஆயிலும் எண்ணெய்தானே என்று ஊற்றக் கூடாது! அது வேறு ரசாயனம். ஜாக்கியின் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுப்போகும். அமெரிக்காவில் வீடு போல அமைத்த வண்டிகளை மட்டப்படுத்தும் ஜாக்கிகள் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்தான் ஊற்றச் சொல்கிறார்கள். ஆகவே எந்திரத்தோடு வரும் புத்தகம் சொல்வதே கடைசி வார்த்தை.

3. சுத்தம்: எண்ணெய் பால் மாதிரி வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் காற்று புகுந்திருக்கிறது. தூசி விழுந்தால் பம்பும் பிஸ்டனும் தேயும்.

எச்சரிக்கை!
ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். அழுத்தமான எண்ணெய் ஊசி போலத் தோலுக்குள் பாயும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.

செய்து பார்!
ஊசி இல்லாத இரண்டு புது சிரிஞ்சுகளை (ஒன்று சிறியது, ஒன்று பெரியது) பிளாஸ்டிக் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பு. சிறியதை அழுத்து, பெரியது ஏறும். பிறகு கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு மறுபடி அழுத்து. என்ன வித்தியாசம்? ஏன்? விடையை அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்!