பாடம் 7: மீட்டர் யார் பெயரில்? புதிய வீட்டில் மின்கட்டணத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்வது எப்படி?

புதிய வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் எங்களிடம் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றி. அடுத்தது பாதை, பிறகு பிள்ளைகளின் பாடசாலை. மின்சாரத்தைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, அதற்கு மேல் என்ன என்று இருந்துவிடுகிறோம். பிரச்சினை இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, பில்லோடு வருகிறது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் அக்கா தன் கதையைச் சொன்னார். மழை இரவில் மண் இறங்கும் என்ற எச்சரிக்கை வந்ததும், பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு லயத்தைவிட்டு வெளியேறினார்கள். அந்த நேரத்தில் மீட்டரைப் பார்க்க யாருக்குத் தோன்றும்? சில மாதங்களில் தற்காலிக வீடு கிடைத்தது. மீட்டர் வரும்வரை பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துக்கொண்டார்கள். மூன்றாவது குடும்பமும் அதே வயரில் சேர்ந்தது. இதற்கிடையே பழைய லய அறைக்குப் பில் வந்துகொண்டே இருந்தது. அந்தக் கணக்கு காலமான மாமனாரின் பெயரில் இருந்தது. ஆளில்லாத அறையில் மின்சாரம் எப்படி ஓடியது, யார் பாவித்தது என்று காட்ட அவர் கையில் எந்த எண்ணும் இல்லை.

“பழைய பில்லைக்கூடக் கட்டிவிடலாம் தம்பி. பக்கத்து வீட்டோடு பேச்சு நின்றுபோனதுதான் கஷ்டம்” என்றார். வயர் கொடுத்து உதவிய வீட்டுக்கும் அவருக்கும் இடையில் பில்லைப் பங்கு போடுவதில் வந்த மனக்கசப்பு அது.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பில் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது மூன்று வீட்டுக்கும் தெரியாது, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்வதற்கே இந்தப் பாடம்.

1. மீட்டரை வாசிக்கப் பழகுவோம்

மீட்டர் நாம் பாவிக்கும் மின்சாரத்தை அலகில் எண்ணுகிறது. நாம் யுனிட் என்று சொல்வதும் அதைத்தான். 1000 வொட் சாதனம் ஒன்று ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அலகு. 9 வொட் எல்.ஈ.டி. மின்குமிழ் ஓர் அலகைச் செலவழிக்க 111 மணித்தியாலம் எடுக்கும். 1500 வொட் மின்சாரக் கேத்தல் 40 நிமிடத்தில் அதைச் செலவழித்துவிடும். குளிரான நம் பக்கத்தில் வெந்நீர் வைக்கும் சாதனங்களே மீட்டரை அதிகம் ஓட்டுகின்றன.

பழைய மீட்டரில் ஒரு தட்டு சுற்றும். புதியதில் சிறிய சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். இரண்டிலும் எண்கள் வரிசையாக இருக்கும். தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை, அல்லது சிவப்புக் கட்டத்துக்குள் உள்ள எண்ணை, விட்டுவிட்டு மற்றவற்றை இடமிருந்து வலமாக எழுதுங்கள். அதுதான் இன்றைய வாசிப்பு. இன்றைய வாசிப்பிலிருந்து போன மாத வாசிப்பைக் கழித்தால் இந்த மாதப் பாவனை கிடைக்கும்.

மீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கம் வேறு, பில்லில் உள்ள கணக்கு இலக்கம் வேறு. இலங்கை மின்சார சபையின் கணக்கு இலக்கம் 10 இலக்கங்களைக் கொண்டது. இரண்டையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்.

2. ஒரு மீட்டரில் மூன்று குடும்பம்: ஏன் இவ்வளவு பில்?

நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 30 நாளுக்கு 60 அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்குக் குறைந்த கட்டணம். 60-ஐத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 அலகுக்கும் வேறு, கூடிய விலை வந்துவிடும். மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும்.

2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை உதாரணமாக எடுப்போம். வரியைச் சேர்க்கவில்லை. கட்டணம் அவ்வப்போது திருத்தப்படுகிறது. ஆகவே ரூபாய்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், கணக்குப் போடும் முறையைப் பாருங்கள்.

ஒரு குடும்பம் மாதம் 40 அலகு பாவிக்கிறது. முதல் 30 அலகு 4 ரூபாய் வீதம் 120. அடுத்த 10 அலகு 6 ரூபாய் வீதம் 60. நிலையான கட்டணம் 200. மொத்தம் 380 ரூபாய். இப்படி மூன்று குடும்பமும் தனித்தனி மீட்டர் வைத்திருந்தால் மூன்று பில்லும் சேர்ந்து 1140 ரூபாய்.

அதே மூன்று குடும்பமும் ஒரே மீட்டரில் இருந்தால் மீட்டர் 120 அலகு காட்டும். முதல் 60 அலகு 11 ரூபாய் வீதம் 660. அடுத்த 30 அலகு 14 ரூபாய் வீதம் 420. அதற்கடுத்த 30 அலகு 20 ரூபாய் வீதம் 600. நிலையான கட்டணம் 1000. மொத்தம் 2680 ரூபாய்.

யாரும் ஒரு விளக்கைக்கூட அதிகமாகப் போடவில்லை. ஆனாலும் 1540 ரூபாய் கூடிவிட்டது. வீட்டுக்காரர் “நீங்கள் வந்த பிறகுதான் பில் ஏறியது” என்பதும் உண்மை. வயர் இழுத்தவர் “நான் 40 அலகுதான் பாவித்தேன்” என்பதும் உண்மை. சண்டை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

தனி மீட்டர் உள்ள வீட்டிலும் 60 என்ற எல்லையைக் கவனியுங்கள். மேலே சொன்ன கட்டணத்தில் 60 அலகுக்கு 500 ரூபாய், 61 அலகுக்கு 1074 ரூபாய். மாத நடுவில் ஒரு முறை மீட்டரைப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். வாசிப்பு எடுக்க 33 நாளோ 27 நாளோ ஆனால், எல்லைகளும் அந்த நாட்களுக்கு ஏற்ப மாறும். ஆகவே பில்லில் உள்ள இரண்டு திகதிகளையும் பாருங்கள்.

தனி மீட்டர் வரும்வரை வயரைப் பகிர்வதைத் தவிர்க்க முடியாவிட்டால், மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உப மீட்டர் பொருத்துங்கள். ஏறிய மொத்தப் பில்லை அலகின்படி பிரிப்பதா, வேறு விதமாகவா என்பதை முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மெல்லிய வயரை வேலியிலும் கூரைத் தகரத்திலும் இழுப்பது உயிருக்கே ஆபத்து. மழைக்கால ஈரத்தில் தகரம் முழுவதும் மின்சாரம் ஏறலாம்.

3. வீடு மாறும் நாளில்

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும், பலருக்கு எதையும் எடுக்க நேரம் கிடைக்கவில்லை. அப்படியான நேரத்தில் உயிரைப் பாருங்கள், மீட்டரைத் தேடிப் போக வேண்டாம். விழுந்த வயரையும் சாய்ந்த கம்பத்தையும் தொடாமல் 1987 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

நிதானமாக வீடு மாறுபவர்களும், ஆபத்து நீங்கித் திரும்பிப் போக அனுமதி கிடைத்தவர்களும் இவற்றைச் செய்யுங்கள்:

• பழைய மீட்டரைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். மீட்டர் இலக்கமும் வாசிப்பும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.
• வெளியேறிய திகதியையும் வாசிப்பையும் எழுதி, கணக்கை மூடவோ பெயரை மாற்றவோ எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் கிடைத்த திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள்.
• கணக்கு காலமானவரின் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழின் பிரதியையும் கொண்டுபோங்கள்.
• புதிய வீட்டில் முதல் நாளே மீட்டரைப் படம் எடுங்கள். கட்டட வேலைக்குப் பாவித்த அலகுகள் அதில் ஏற்கனவே ஓடியிருக்கலாம்.

புதிய இணைப்புக்கு அடையாள அட்டை, வதிவிடத்தைக் காட்டும் ஆவணம், வயரிங் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். காணி உறுதி கைக்கு வராதவர்கள் தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தையும் கிராம உத்தியோகத்தரின் சான்றையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

4. வேறு நிறுவனம், ஸ்மார்ட் மீட்டர்

மலையகத்தில் நாம் அறிந்தது இலங்கை மின்சார சபை. கோட்டை, நுகேகொடை, மொரட்டுவை, களனி, நீர்கொழும்பு, களுத்துறை, காலிப் பகுதிகளில் பல வீடுகளுக்கு மின்சாரம் தருவது லெக்கோ எனப்படும் லங்கா மின்சாரக் கம்பனி. வேலைக்காக அங்கே வாடகை வீடு எடுக்கும் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். எந்த நிறுவனம் என்பதை நாம் தெரிவு செய்வதில்லை, வீடு இருக்கும் இடம்தான் அதைத் தீர்மானிக்கிறது. மின்சார சபையின் கணக்கு இலக்கத்தை வைத்து லெக்கோ பில்லைக் கட்ட முடியாது.

லெக்கோ பகுதிகளில் ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. அவை வாசிப்பைத் தாங்களாகவே நிறுவனத்துக்கு அனுப்பும். அப்படியானால் மீட்டரை வாசிக்கப் பழகுவது வீண் வேலையா? பிரித்தானியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வீட்டுக்காரர்கள் மின்சார நிறுவனத்தை விரும்பியபடி மாற்றலாம். முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர் வைத்திருந்த பலர் நிறுவனத்தை மாற்றியதும், புதிய நிறுவனத்தால் அந்த மீட்டரோடு தொடர்புகொள்ள முடியாமல் போனது. மீட்டர் மின்சாரத்தை எண்ணிக்கொண்டே இருந்தது, வாசிப்பு மட்டும் போய்ச் சேரவில்லை. வீட்டுக்காரர்கள் பழையபடி தாங்களே எண்ணைப் பார்த்து அனுப்ப வேண்டியதாயிற்று. எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான தொடர்பு வலையமைப்பும் இரண்டாம் தலைமுறை மீட்டரும் வந்த பிறகே நிலைமை சீரானது.

நம் நாட்டிலும் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம், 1969இல் உருவான மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளுக்குப் பிரிக்க வழி செய்தது. 2025இல் அது திருத்தப்பட்டது. பில்லின் தலைப்பில் பெயர் மாறினால் பதற வேண்டாம். கணக்கு இலக்கம், மீட்டர் இலக்கம், முந்திய வாசிப்பு மூன்றும் உங்கள் கொப்பியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் முதலில் உங்கள் பகுதி மின் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் போகலாம்.

செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களையும் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றுங்கள். மெயின் சுவிட்ச் போட்டபடியே இருக்கட்டும். மீட்டரின் தட்டு சுற்றுகிறதா, சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறதா என்று கால் மணித்தியாலம் பாருங்கள். எரிந்தால் எங்கோ கசிவு இருக்கலாம், ஈரச் சுவர் உள்ள வீடுகளில் இது நடக்கும். மெயின் சுவிட்சையும் நிறுத்திய பிறகு ஓடினால், மீட்டருக்கும் மெயினுக்கும் இடையில் யாரோ வயர் எடுத்திருக்கலாம், அல்லது மீட்டர் பழுதாக இருக்கலாம். மீட்டரின் முத்திரையை உடைக்காமல் அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

நினைவில் வைக்க

• ஒரு வீடு, ஒரு மீட்டர், ஒரு கணக்கு. அது வீட்டில் இருப்பவரின் பெயரில் இருக்கட்டும்.
• மாதம் ஒரு நாளில் வாசிப்பை எழுதுங்கள். பிள்ளையின் பழைய கொப்பி போதும்: திகதி, வாசிப்பு, பாவனை.
• வீடு மாறும்போதும், மீட்டர் மாற்றப்படும்போதும், நிறுவனம் மாறும்போதும் அன்றைய வாசிப்பைப் படம் எடுங்கள்.
• வீடு பூட்டியிருந்த மாதம் பில் உத்தேசமாகப் போடப்பட்டிருந்தால், உங்கள் வாசிப்பைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

கூடிப் பேச

1. உங்கள் வரிசையில் எத்தனை வீடுகள் ஒரே மீட்டரில் இருக்கின்றன? தனி மீட்டருக்கு ஒவ்வொருவரிடமும் குறையாக இருப்பது எந்த ஆவணம்?
2. தோட்டத் தலைவரும் மாதர் சங்கமும் சேர்ந்து அந்த ஆவணங்களை ஒரே நாளில் எடுத்துக்கொடுக்க முடியுமா?

அந்த அக்காவின் வீட்டில் இப்போது தனி மீட்டர் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் ஒரு கொப்பி தொங்குகிறது. ஒவ்வொரு மாதமும் அதில் வாசிப்பை எழுதுவது அவருடைய மகள். கடைசியாக நாங்கள் போனபோது, அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டு மீட்டரையும் வாசித்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.