பாம்புச் சட்டையில் ஒரு மரபியல் பாடம்

பார்ப்பதற்கு ஒரே மாதிரி இரண்டு பாம்புக் குட்டிகள். இரண்டும் கரும்பழுப்பு நிறம்; இரண்டின் உடலிலும் அதே வெளிர்த் திட்டுகள். ஆனால் அமெரிக்கச் செல்லப்பிராணிச் சந்தையில் ஒன்றின் விலை மற்றதைவிட அதிகம். ஏன் என்று கேட்டால், விற்பவர் "இது ஆல்பினோ மரபணுவைச் சுமக்க 66 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது" என்பார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு விலை! அதென்ன 66?

பந்து மலைப்பாம்பைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நஞ்சில்லாப் பாம்பு இது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். (வாங்கித் தரச்சொல்லி வீட்டில் அடம்பிடிக்க வேண்டாம். சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை.) இதில் ஆல்பினோ வகை வெள்ளையும் மஞ்சளுமாக, சிவந்த கண்களோடு இருக்கும். கருநிறமியான மெலனின் அதன் உடலில் உருவாவதில்லை. மஞ்சள் நிறத்தைத் தருவது வேறு வகைச் செல்கள் என்பதால் அது மட்டும் மிஞ்சுகிறது.

ஆல்பினோ ஓர் ஒடுங்கு பண்பு. இயல்பான அல்லீலை A என்றும் பழுதுபட்டதை a என்றும் குறிப்போம். aa பாம்பு மட்டுமே வெளுத்திருக்கும். Aa பாம்பு, AA பாம்பைப் போலவே கரும்பழுப்பாக இருக்கும். இரண்டு Aa பாம்புகளை இணைசேர்த்துப் பன்னெட் கட்டத்தை வரைந்து பாருங்கள்: ஒரு AA, இரண்டு Aa, ஒரு aa. இப்போது ஒரு கரும்பழுப்புக் குட்டியைக் கையில் எடுக்கிறீர்கள். அது Aa ஆக இருக்க வாய்ப்பு எவ்வளவு?

வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் விடை 50 விழுக்காடு. தவறு. கையில் இருப்பது வெளுத்த குட்டி அல்ல என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே aa கட்டத்தை அடித்துவிட வேண்டும். மிச்சம் மூன்று கட்டங்கள், அவற்றில் இரண்டு Aa. மூன்றில் இரண்டு, அதாவது ஏறத்தாழ 66 விழுக்காடு.

ஆனால் ஒரு தனிப் பாம்பு 66 விழுக்காடு Aa ஆக இருக்க முடியாது. அது Aa, இல்லையேல் AA. அந்த எண் பாம்பைப் பற்றியதல்ல, நம் அறியாமையைப் பற்றியது. உண்மையை அறிய முன்பு ஒரே வழிதான் இருந்தது: சோதனைக் கலப்பு. பெண் குட்டி என்றால், அது வளர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் காத்திருந்து, ஓர் ஆல்பினோவுடன் இணைசேர்க்க வேண்டும். ஒரேயொரு வெளுத்த குட்டி பிறந்தாலும் தாய் Aa என்பது உறுதி. ஆறு முட்டைகளும் கரும்பழுப்பாகவே பொரித்தால்? Aa தாய்க்கும் 64-இல் ஒரு முறை அப்படி நேரலாம். ஐயம் குறையும், தீராது.

இப்போது அந்தக் காத்திருப்பு வேண்டாம். பாம்பு உரித்துப்போட்ட சட்டை போதும். ஊசி குத்தவும் தேவையில்லை. காய்ந்த சட்டையிலும் செல்களின் மிச்சம் இருக்கிறது. அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, வேண்டிய பகுதியைப் பிசிஆர் முறையில் பல கோடி நகல்கள் எடுத்து, எழுத்து வரிசையைப் படிக்கிறார்கள். ஆனால் எந்தப் பகுதியைப் படிப்பது என்று முதலில் தெரிய வேண்டுமே? அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் பாம்பு வளர்ப்போரிடமிருந்தே சட்டைகளைத் திரட்டி இதைத் தேடினார்கள். 2022-இல் வெளியான அவர்களின் ஆய்வு, ஆல்பினோவை டிஒய்ஆர் என்ற மரபணுவோடும், லாவெண்டர் ஆல்பினோ என்ற இன்னொரு வெளிர் வகையை ஓசிஏ2 என்ற மரபணுவோடும் இணைத்தது. மெலனின் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் நொதியை உருவாக்குவது டிஒய்ஆர். மனிதர்களிலும் இதே இரண்டு மரபணுக்கள் பழுதானால் ஆல்பினிசம் வரும்.

இங்கே ஒரு சிக்கல். ஆல்பினோ பாம்புகள் எல்லாவற்றிலும் டிஒய்ஆர் ஒரே இடத்தில் பழுதாகவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் காணப்பட்டன. சோதனையோ தேடச் சொன்ன மாற்றத்தை மட்டுமே தேடும். "இல்லை" என்று முடிவு வந்தால், தேடிய மாற்றம் இல்லை என்றுதான் பொருள். பாம்பு AA என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

சரி, ஆல்பினோவையும் லாவெண்டர் ஆல்பினோவையும் இணைசேர்த்தால்? பெற்றோர் இருவரும் வெளிர். குட்டிகள் எல்லாம் கரும்பழுப்பு! ஒன்றில் பழுதான மரபணுவின் நல்ல பிரதியை மற்றது கொடுத்துவிடுகிறது. அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் இணைசேர்த்தால் 16-இல் எத்தனை வெளிராக இருக்கும்? இரு மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதாக வைத்துக்கொண்டு, பதினாறு கட்டப் பன்னெட்டை வரையுங்கள். 7 வந்தால் சரி.